நடக்கச் சொல்வது எளிது: இருதய நோயும் அமெரிக்கக் கறுப்பின மாதரும்

இருதய நோய் கண்டவர் அசையாது படுத்திருத்தல் வேண்டும் என்பது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வைத்தியர்கள் பலரும் கையாண்டு வந்த விதியாகும். மாரடைப்புக் கண்டவர்களை வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்தி வைத்தனர். 1952-ல் பாஸ்டன் நகரில் சாமுவேல் லெவின், பெர்னார்டு லௌன் என்னும் இரு டாக்டர்கள் தம் நோயாளிகளைப் படுக்கையினின்று எழுப்பி, நாற்காலியில் உட்கார வைத்துச் சிகிச்சை செய்தனர். அடுத்த ஆண்டில் லண்டனில் ஜெரமி மாரிஸ் என்பார் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். மாடி பஸ்களில் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் டிரைவர்களைக் காட்டிலும், படிகளில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாகவே காணப்பட்டது. 1955-ல் ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு ஏற்பட்டபோது, அவரைக் கவனித்த நிபுணர் பால் டட்லி வைட், நோயாளி படிப்படியாக உலாவித் தம் அலுவலுக்குத் திரும்பலாம் என்று நாடறியக் கூறினார். அதன் பின்னர் பழைய விதி மெல்ல மெல்ல மறைந்தது.

இன்று தேகப்பயிற்சி இருதய நோய்க்கு மருந்தாகவே கருதப்படுகிறது. பயிற்சி பெற்ற தசைகள் இரத்தத்தினின்று பிராணவாயுவை அதிகமாக உறிஞ்சிக் கொள்கின்றன. அதனால் முன்பு செய்த அதே வேலையை இருதயம் குறைந்த துடிப்பில் செய்து முடிக்க இயலுகிறது. இரத்தக் குழாய்களின் உட்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் பொருளைச் சுரக்கின்றது, குழாய்கள் தளர்கின்றன, இரத்த அழுத்தம் தணிகின்றது. வாரத்திற்கு 150 நிமிடம் மிதமான பயிற்சி வேண்டுமென அமெரிக்க அரசாங்கம் 2008-ல் வெளியிட்டு 2018-ல் திருத்திய வழிகாட்டி கூறுகிறது. நாளொன்றுக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் வேகமாக நடந்தால் இக்கணக்கு நிறைவுறும். மாரடைப்புக்குப் பின் வைத்தியர் மேற்பார்வையில் அளிக்கப்படும் இருதயப் புனர்வாழ்வுப் பயிற்சி, இருதய நோயால் நேரும் மரணத்தைக் கால் பங்கு அளவிற்குக் குறைக்கிறது எனப் பல ஆராய்ச்சிகளை ஒருசேர எடைபோட்ட நிபுணர்கள் கண்டுள்ளனர். இத்தகைய பலனைத் தரும் மாத்திரை ஒன்று இருப்பின், அதை எழுதிக் கொடுக்காத வைத்தியர் இருக்கமாட்டார்.

எனினும், இம்மருந்து எவருக்கு மிகுதியும் தேவையோ அவரிடம் சென்று சேர்வதில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் கறுப்பினப் பெண்கள் இதற்குத் தக்க உதாரணம். அந்நாட்டில் இருபது வயதைக் கடந்த கறுப்பினப் பெண்களில், உயர் இரத்த அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், நூற்றுக்கு 59 பேர் ஏதேனும் ஒரு வகை இருதய, இரத்தக் குழாய் நோய் உடையவர்கள் என அமெரிக்க இருதயச் சங்கத்தின் கணக்கு காட்டுகிறது. நோய் இளமையிலேயே வந்துவிடுகிறது என்பது மேலும் வருந்தத் தக்கது. 1985-86-ல் பர்மிங்ஹாம், சிகாகோ, மினியாபொலிஸ், ஓக்லண்டு ஆகிய நான்கு நகரங்களில், 18 முதல் 30 வயதுக்குட்பட்ட ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களையும் பெண்களையும் தேர்ந்து ஓர் ஆய்வு தொடங்கினர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வெள்ளையர். இருபது ஆண்டுகளில் 27 பேருக்கு இருதயம் செயலிழக்கும் நிலை ஏற்பட்டது. அந்த 27 பேரில் ஒருவரைத் தவிர ஏனையோர் அனைவரும் கறுப்பினத்தவர். மற்ற இனத்தாருக்குப் பேரன் பேத்தி எடுத்த பின் வரும் நோய், இவர்களுக்குக் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வயதில் வந்தடைகிறது.

சோம்பலா?

இப்பெண்களிடையே ஓய்வு நேரத் தேகப்பயிற்சி குறைவு என்பதைப் பல கணக்கெடுப்புகள் காட்டியுள்ளன. அதைக் கண்டவுடன், "சொன்னால் கேட்பதில்லை" என்று முடிவு கட்டிவிடுவது வழக்கமாக இருந்தது. இம்முடிவு சரியா என்பதை ஆராய வேண்டும்.

நடக்க அஞ்சும் இனத்தார் இவர்கள் என எவரும் கூற முடியாது. 1955 டிசம்பரில் அலபாமா மாகாணத்து மான்ட்காமரி நகரில், பஸ்களில் நிலவிய நிறபேதத்தை எதிர்த்துக் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ் ஏற மறுத்தனர். சிலர் பிறர் கார்களில் இடம் பெற்றுச் சென்றனர், மற்றவர் நடந்தனர். அவர்களுள் பெரும் பகுதியினர் வெள்ளையர் வீடுகளில் சமைத்தும் துவைத்தும் பிழைத்த பெண்கள். வேலைக்குச் செல்லும் முன்னும் பின்னும் மைல் கணக்கில் அவர்கள் நடந்ததை உலகம் அறியும். ஆகவே கால்களில் குறையில்லை.

கணக்கெடுப்பு முறையிலேயே ஒரு குறை உண்டு. "ஓய்வு நேரத்தில் என்ன பயிற்சி செய்கிறீர்கள்?" என்று கேட்கப்படும் கேள்விக்கு, மருத்துவமனையில் எட்டு மணி நேரம் நோயாளிகளைத் தூக்கி நிறுத்தும் பணிப்பெண் "ஒன்றுமில்லை" என்றே விடையளிப்பாள். முதியோரையும் நோயாளிகளையும் வீட்டிலேயே பராமரிக்கும் தொழிலில் கறுப்பினப் பெண்கள் அவர்தம் ஜனத்தொகை விகிதத்தை விட மிக அதிகமாக உள்ளனர். நாள் முழுதும் நின்று உழைத்தவளுக்கு மாலையில் வேண்டுவது பயிற்சியன்று, ஓய்வு என்ற எண்ணம் இவர்களிடையே வலுவாக இருப்பதை ஆராய்ச்சியாளர் பலர் குறித்துள்ளனர். அதை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. ஆனால் நின்றபடி, குனிந்தபடி, விட்டுவிட்டுச் செய்யும் வேலை முதுகையும் முழங்காலையும் தேய்க்கிறதேயன்றி, தொடர்ந்த நடை இருதயத்துக்குத் தரும் நன்மையை அப்படியே தருவதில்லை. இவ்வேறுபாட்டை நோயாளிக்குப் பொறுமையுடன் விளக்கியவர் சிலரே.

சிபாரிசு செய்யப்படாத மருந்து

முதல் தடை வைத்தியசாலையிலேயே தோன்றுகிறது. புனர்வாழ்வுப் பயிற்சிக்கு வைத்தியரின் சிபாரிசு தேவை. ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கும், வெள்ளைப் பெண்களைக் காட்டிலும் கறுப்பினப் பெண்களுக்கும் இச்சிபாரிசு குறைவாகவே கிடைக்கிறது எனப் பல ஆய்வுகள் கூறுகின்றன. இது சிறிய விஷயமன்று. நோயாளி பயிற்சிக்கு வருவாரா, மாட்டாரா என்பதை முன்கூட்டி அறிய உதவும் குறிகளில் மிக வலியது, வைத்தியர் எவ்வளவு அழுத்தமாக அதனை வற்புறுத்தினார் என்பதே என்று 1992-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கண்டது. காகிதத்தில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கச் செல்லும் வைத்தியரின் சொல்லுக்கு அவ்வலிமை ஏது?

சிபாரிசு கிடைத்தபின் செலவு குறுக்கிடுகிறது. 65 வயதைக் கடந்தோர்க்கான மெடிகேர் என்னும் அரசாங்க இன்ஷூரன்ஸ் 36 அமர்வுகள் வரை அனுமதிக்கிறது. சாதாரணமாக வாரத்திற்கு மூன்றாகப் பன்னிரண்டு வாரம். ஒவ்வொரு அமர்விலும் ஐந்தில் ஒரு பங்குக் கட்டணம் நோயாளியின் பொறுப்பு. அதற்கு முந்திய வயதிலேயே நோயுற்றவர்கள் வேறு இன்ஷூரன்ஸைத் தேட வேண்டும். வாரத்தில் மூன்று பகற்பொழுதுகள் வேலைக்குச் செல்லாதிருந்தால் கூலி பிடிக்கப்படும். 1993-ல் இயற்றப்பட்ட குடும்ப, வைத்திய விடுப்புச் சட்டம் பன்னிரண்டு வாரம் விடுப்புக்கு உரிமை தருகிறது. அது சம்பளமில்லா விடுப்பு. அதுவும் ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே பொருந்தும். பயிற்சிக் கூடம் இருபது மைலுக்கு அப்பால் இருந்து, வீட்டில் காரும் இல்லையெனில், அந்தச் சிபாரிசுக் காகிதம் பையிலேயே மடங்கிக் கிடக்கும்.

வைத்தியசாலையின்பால் உள்ள அவநம்பிக்கையையும் மறத்தலாகாது. 1932 முதல் 1972 வரை அலபாமா மாகாணத்து டஸ்கீகீயில், மேகப்புண் நோயுற்ற கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் வந்த பின்பும் சிகிச்சை தராமல் நோய் எங்ஙனம் முற்றுகிறது என்று அரசாங்கப் பொதுச் சுகாதார இலாகா வேடிக்கை பார்த்தது. அவர்களுடைய பெண்மக்களும் பேத்திகளும் இன்று நோயாளிகளாக வருகின்றனர்.

மூடப்பட்ட குளங்கள்

பருத்த உடலும் முழங்கால் வாதமும் உள்ள இருதய நோயாளிக்கு மிகச் சிறந்த பயிற்சிகளுள் ஒன்று நீரில் நடப்பது. நீர் உடற்பாரத்தைத் தாங்கிக் கொள்வதால் மூட்டு நோகாது. இருதயம் மட்டும் உழைக்கும். ஆனால் நீச்சல் குளத்துக்கும் அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கும் இடையே ஒரு நீண்ட வரலாறு நிற்கிறது.

மிஸிஸிப்பி மாகாணத் தலைநகரான ஜாக்ஸனில் ஐந்து பொது நீச்சல் குளங்கள் இருந்தன. அவற்றில் நான்கு வெள்ளையருக்கும் ஒன்று கறுப்பினத்தவருக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. இவ்வாறு பிரித்தல் சட்ட விரோதம் என 1962-ல் நீதிமன்றம் கூறியபின், நகரசபை பூங்காக்களையும் மிருகக்காட்சிச் சாலையையும் எல்லோருக்கும் திறந்துவிட்டது. குளங்களை மட்டும் மூடிவிட்டது. கறுப்பினக் குடிமக்கள் வழக்காடினர். 1971-ல் நாட்டின் உச்ச நீதிமன்றம், ஒன்பது நீதிபதிகளில் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக, நகரசபையின் செயல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இரு இனத்தாருக்கும் குளம் இல்லை. ஆகவே பேதமும் இல்லை என்பது அத்தீர்ப்பின் போக்கு. சட்ட நூலுக்கு இந்த நியாயம் பொருந்தலாம். வீட்டிற்குப் பின்புறம் சொந்தக் குளமும், கட்டணச் சங்கமும் உடையவருக்கு இழப்பில்லை என்பதை அது கவனிக்கவில்லை. நீந்தக் கற்காத தாய், தன் மகளுக்கும் நீரைக் கண்டு அஞ்சவே கற்பிக்கிறாள்.

அதே ஜாக்ஸன் நகரில்தான், கறுப்பின மக்களின் இருதய நோயைக் குறித்த மிகப் பெரிய ஆராய்ச்சி நடைபெறுகிறது. 1948-ல் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஃபிரேமிங்ஹாமில் 5,209 பேருடன் தொடங்கிய புகழ்பெற்ற ஆராய்ச்சியில் பங்கு கொண்டோர் ஏறக்குறைய அனைவரும் வெள்ளையர். அதிலிருந்து கிடைத்த அளவுகோல்களே அரை நூற்றாண்டுக் காலம் எல்லோருக்கும் பயன்பட்டன. ஜாக்ஸன் இருதய ஆராய்ச்சி 2000-க்கும் 2004-க்கும் இடையே 5,306 கறுப்பின ஆண் பெண்களைச் சேர்த்தது. அவர்களில் பெண்களே அதிகம். ஜாக்ஸன் மாகாணப் பல்கலைக்கழகம், டூகலூ கல்லூரி, மிஸிஸிப்பிப் பல்கலைக்கழக வைத்திய மையம் ஆகிய மூன்றும் இதில் இணைந்தன.

தெரு

குளம் இல்லாவிட்டால் தெரு இருக்கிறதே எனலாம். 1933-ல் ஏற்படுத்தப்பட்ட வீட்டுக்கடன் அரசுக் கழகம் நகரங்களின் வரைபடங்களைத் தயாரித்தபோது, கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளைப் பெரும்பாலும் சிவப்பு மையால் குறித்து, கடனுக்கு ஆபத்தான இடங்கள் என்றது. வீட்டு வசதியில் இனபேதம் காட்டுவதை 1968-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது; ஆயினும் முப்பது ஆண்டுகளாகப் பணம் செல்லாத தெருக்கள் சட்டம் வந்தவுடன் மாறிவிடவில்லை. 1956-ல் தொடங்கிய நெடுஞ்சாலைத் திட்டம் மயாமி நகரத்து ஓவர்டவுன், செயின்ட் பால் நகரத்து ராண்டோ போன்ற கறுப்பினக் குடியிருப்புகளை இரண்டாகப் பிளந்து சென்றது. நடைபாதை இல்லாமை, விளக்கில்லாமை, கட்டவிழ்ந்து திரியும் நாய்கள், குற்றங்களைப் பற்றிய பயம் ஆகியவற்றைப் பெண்கள் ஆராய்ச்சியாளரிடம் மீண்டும் மீண்டும் கூறியுள்ளனர். வெள்ளையர் வாழும் பகுதிக்குச் சென்று நடக்கலாமே எனின், அங்கே வேறு அச்சம். 2020-ல் ஜார்ஜியா மாகாணத்தில், ஒரு குடியிருப்பினூடே ஓடிச் சென்ற கறுப்பின இளைஞர் ஒருவரை மூவர் வண்டிகளில் விரட்டிச் சென்று சுட்டுக் கொன்றனர். கொலைக் குற்றம் 2021-ல் நிரூபணமாயிற்று. அதனால் நடையுடை பூண்டு வெளியே செல்லும் தாய்மாரின் அச்சம் தீர்ந்துவிடவில்லை.

தலைமயிர்

ஆண் வைத்தியர்கள் நெடுநாள் சிரித்து ஒதுக்கிய தடை ஒன்று உண்டு. அது தலைமயிர். கறுப்பினப் பெண்களின் நெருங்கிச் சுருண்ட கூந்தலைச் சூடேற்றிய சீப்பாலோ இரசாயனப் பொருளாலோ நேராக்குவது பல தலைமுறை வழக்கம். இதற்காகச் சலூனில் பல மணி நேரமும் கணிசமான பணமும் செலவாகின்றன. சூட்டினால் நேராக்கிய கூந்தல் வியர்வை பட்டவுடன் பழைய சுருளுக்குத் திரும்பிவிடும். அடிக்கடி கழுவினால் இயல்பிலேயே வறண்ட மயிர் ஒடிந்துவிடும். அரை மணி நேர நடை, ஒரு வாரச் செலவை அழித்துவிடுகிறது.

இது வெறும் அலங்காரப் பித்து என்று எண்ணலாகாது. இயற்கையான சுருள் மயிருடனோ பின்னலுடனோ வேலைக்கு வந்தவர்கள் "ஒழுங்கற்ற தோற்றம்" உடையோர் என்று வேலை மறுக்கப்பட்ட வழக்குகள் உண்டு. கூந்தல் காரணமாகப் பேதம் காட்டுவதைத் தடுக்கும் சட்டத்தை முதன் முதலில் கலிபோர்னியா மாகாணம் 2019-ல்தான் இயற்றியது. சம்பளம் கூந்தலைப் பொறுத்திருக்கையில், கூந்தலைக் காப்பது சம்பளத்தைக் காப்பதேயாகும்.

வட கரோலினாவில் 103 கறுப்பினப் பெண்களிடம் விசாரித்து 2012-ல் வெளியிட்ட சிறு ஆய்வில், ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பேர் கூந்தலுக்காகச் சிற்சில சமயம் தேகப்பயிற்சியைத் தவிர்த்ததாகக் கூறினர். அதற்கு முந்திய ஆண்டில், நாட்டின் தலைமைச் சுகாதார அதிகாரியாகிய சர்ஜன் ஜெனரல் ரெஜினா பெஞ்சமின், அட்லாண்டா நகரில் கூந்தல் கலைஞர்கள் கூடிய பெரிய கண்காட்சிக்கே சென்று இதைப் பற்றிப் பேசினார். அவரும் ஒரு கறுப்பினப் பெண். இவ்வளவு உயர்ந்த அதிகாரி மயிர் ஒப்பனையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் பரிகசித்தனர். தம் கூந்தல் ஒப்பனைக்காரியிடம் பெண்கள் மனம்விட்டுப் பேசுவார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார்.

வலிமையின் சுமை

வீட்டிற்குள் உள்ள தடை கண்ணுக்குப் புலப்படாதது. எதையும் தாங்குபவள், உதவி கேளாதவள், பிறரை முன்னிறுத்தித் தன்னைப் பின்னே வைப்பவள் என்ற வார்ப்பு கறுப்பினப் பெண்ணுக்கு வரலாறு அளித்தது. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செரில் உட்ஸ்-ஜிஸ்காம்பே 2010-ல் இதனை ஆராய்ந்து, குடும்பத்தைக் காக்கும் இப்பண்பே தன் உடல்நலத்தைக் கவனியாமைக்கும் காரணமாகிறது என விளக்கினார். பேரக் குழந்தை, படுக்கையிலுள்ள தாய், தேவாலயப் பணி ஆகிய எல்லாம் முடிந்தபின் எஞ்சிய நேரமே அவளுடையது. எஞ்சுவதில்லை.

இருதய நோய் வந்தபின் இவையனைத்தின் மேலும் பயம் ஒன்று சேர்கிறது. நடக்கையில் மூச்சு வாங்கினால், அது பயிற்சியின் இயல்பா, மறுபடி வரும் மாரடைப்பா? பெண்களுக்கு நெஞ்சு வலியோடு, அல்லது வலியின்றியே, களைப்பும் மூச்சுத் திணறலும் குறிகளாக வருவதுண்டாதலால் இச்சந்தேகம் இயற்கையே. நாடித் துடிப்பை எண்ணிப் பார்க்கச் சொல்வதும் எப்போதும் பயன்படாது. துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மருந்துகளை உட்கொள்வோருக்கு அவ்வெண்ணிக்கை தவறான வழி காட்டும். எளிய சோதனை ஒன்று உண்டு. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியாமல் இருக்க வேண்டும். அந்த அளவே மிதமான பயிற்சி. பேச்சே தடைப்பட்டால் வேகத்தைக் குறைத்தல் வேண்டும். நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நின்று வைத்திய உதவி நாட வேண்டும்.

இருதயம் செயலிழந்த நோயாளிகளுக்குப் பயிற்சி ஆபத்தா என்பதை 2,331 பேரிடம் சோதித்த ஒரு பெரும் ஆராய்ச்சியின் முடிவு 2009-ல் வெளியாயிற்று. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். பயிற்சி ஆபத்தற்றது எனத் தெளிவாயிற்று. ஆனால் வாரம் 120 நிமிடம் என்ற இலக்கை அதிற்சேர்ந்தவர்களால் எட்ட இயலவில்லை. மேற்பார்வை முடிந்து வீட்டுப் பயிற்சி தொடங்கிய சில மாதங்களில் 95 நிமிடமாக இருந்த நடு அளவு, ஆண்டு முடிவில் 74 நிமிடமாகக் குறைந்தது. கருவிகளும் ஆலோசனையும் இலவசமாகக் கிடைத்தபோதே நிலை இது.

தடையை நீக்கியவர்கள்

பலன் கண்ட முயற்சிகளில், கேட்டறிந்த தடைக்கேற்ப ஏற்பாடுகள் மாற்றப்பட்டிருப்பதைக் காணலாம். கனடா நாட்டில் சில மருத்துவமனைகள், வைத்தியரின் நினைவை நம்பாமல், இருதய நோயாளி ஒவ்வொருவருக்கும் சிபாரிசு தானாகவே செல்லுமாறு செய்தன. ஊழியர் ஒருவர் படுக்கையருகே அமர்ந்து சந்தேகங்களைத் தீர்த்தார். இவ்விரண்டும் சேர்ந்தபோது, பழைய முறையைக் காட்டிலும் இருமடங்குக்கு மேற்பட்டோர் பயிற்சியில் சேர்ந்தனர். கூடத்துக்கு வர இயலாதோர்க்கு வீட்டிலேயே, தொலைபேசி மூலம் கண்காணித்துப் பயிற்சியளிக்கலாம் என்று அமெரிக்க இருதயச் சங்கமும் மற்ற இரு சங்கங்களும் 2019-ல் கூட்டறிக்கை விடுத்தன.

தென் கரோலினாவில் பல்கலைக்கழகத்தாரும் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபையினரும் கூடி, எழுபதுக்கு மேற்பட்ட தேவாலயங்களில் உணவையும் தேகப்பயிற்சியையும் பற்றிய திட்டமொன்றை நடத்தினர். வெளியிலிருந்து வந்தவர் பிரசங்கம் செய்யவில்லை. சபையின் போதகரும் சமையற்கூடத்தாரும் பயிற்சி பெற்று, தம் சபையின் வழக்கங்களுக்குள்ளேயே மாற்றங்களைப் புகுத்தினர். ஓய்வு நேரப் பயிற்சி உயர்ந்ததென 2013-ல் வெளியான முடிவு கூறியது. உயர்வு சிறிதே என்பதையும் மறைக்கவில்லை.

பெண்களே தொடங்கிய இயக்கமும் உண்டு. மார்கன் டிக்ஸன், வனெஸா காரிஸன் என்னும் இரு தோழியர் நிறுவிய கேர்ள்ட்ரெக் என்ற நடை இயக்கத்தில் பல லட்சம் கறுப்பினப் பெண்கள் சேர்ந்துள்ளனர். நாளொன்றுக்கு முப்பது நிமிடம், தத்தம் தெருவிலேயே, கூட்டமாக நடப்பது அதன் முறை. கட்டணமில்லை, கூடமில்லை. பத்துப் பேர் சேர்ந்து நடக்கையில் நாயும் இருளும் அவ்வளவு பயமுறுத்துவதில்லை. தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தாலும் கேட்பாரில்லை, ஏனெனில் அருகில் நடப்பவளும் அவ்வாறே வந்திருக்கிறாள்.

இம்முயற்சிகளில் பெரும்பாலானவை நோய் வருமுன் காப்பதை நாடியவை. மாரடைப்போ இருதயச் செயலிழப்போ ஏற்கெனவே கண்ட கறுப்பினப் பெண்களை மட்டும் கருதித் திட்டமிட்ட சோதனைகள் மிகச் சில. முன்னர்க் கூறிய 2,331 பேர் ஆராய்ச்சியிலும் பெண்கள் நூற்றுக்கு முப்பதுக்குக் குறைவே. மருத்துவமனையினின்று வீடு திரும்பும் நாளில் அப்பெண்ணின் கையில் கொடுக்கப்படும் காகிதத்தில் மருந்தின் பெயர், அளவு, வேளை ஆகிய யாவும் எழுதப்பட்டிருக்கும். தேகப்பயிற்சிக்கு உரிய இடத்தில் பல சமயம் "இயன்றவரை நடக்கவும்" என்ற ஒரே வரிதான் இருக்கும். எங்கே, எப்பொழுது, யாருடன் என்பதை அவளிடம் கேட்டு நிரப்ப அதில் இடம் விடப்படுவதில்லை.